பால்கனியில் ஒரு கறுப்பு வட்டம்
பல்கேரியாவின் பிளவ்திவ் நகரத்து மரப் பால்கனியில் மாலை வெயில் சாய்ந்திருக்கிறது. தெருவெங்கும் குடமிளகாய் சுடும் வாசனை. வீட்டைக் காலி செய்யும் இஸ்க்ரா சாவியை இறுகப் பிடித்தபடி நிற்கிறாள். வாடகை பாக்கிக்கு அட்வான்ஸ் சரியாய்ப் போயிற்று. குடமிளகாய் சுடும் அடுப்பு பால்கனிப் பலகையில் தீய்த்த கறுப்பு வட்டத்துக்குத்தான் கையில் காசில்லை. வீட்டுக்காரி பென்கா முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து, அந்த வட்டத்தை விரலால் தேய்க்கிறாள். "பலகை மாத்த எவ்வளவும்மா ஆகும்?" என்று இஸ்க்ரா கேட்க, பென்கா மூலையிலிருக்கும் பூந்தொட்டியை நகர்த்துகிறாள். அடியிலும் ஒரு வட்டம், பழசு. "கல்யாணமான வருஷம் நான் தீய்ச்சது. சாகுற வரைக்கும் என் மாமியாக் கெழவிக்குத் தெரியாது." இஸ்க்ராவுக்குச் சிரிப்பு பீறிட்டு வருகிறது. வாசலில் கட்டிவைத்த மூட்டைகளுக்கிடையிலிருந்து தன் ஜெரேனியப் பூந்தொட்டியை எடுத்துவந்து புது வட்டத்தின் மேல் வைக்கிறாள். "இன்னும் கொஞ்சம் தள்ளிவைடி, கறுப்பு தெரியுது," என்கிறாள் பென்கா, சாவிக்குக் கை நீட்டியபடி.