மூக்குப் புண்

பஞ்சு சுற்றிய குச்சியைக் கையில் எடுத்தபோதே டொக்டர் மங்களேஸ்வரிக்கு நோய் பிடிபட்டுவிட்டது.

எதிரே கதிரையில் இருந்த இளைஞனின் மூக்குத் துவாரங்கள் இரண்டும் சிவந்து வீங்கி, ஓரமெல்லாம் சீழ் காய்ந்து பொருக்காகியிருந்தது. நாள் முழுக்க முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு வேலை செய்கிறவர்களுக்கு வருகிற புண். எல்லார் மூக்கிலும் கிருமி குடியிருக்கத்தான் செய்கிறது, சும்மா இருக்கும். மூச்சின் ஈரம் வெளியே போக வழியில்லாமல் புழுங்கினால், பெருகித் தோலைத் தின்னத் தொடங்கிவிடும்.

நோயைக் கண்டுபிடிக்க அவளுக்கு ஒரு நிமிடம் போதும். புருஷனைத்தான் கண்டுபிடிக்க முடியவில்லை.

அவள் குடியிருக்கும் மஹய்யாவவில் இராணுவச் சுற்றிவளைப்பு நடந்த காலையில், பாண் வாங்கப் போன ஸ்ரீஸ்கந்தராசாவை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பொலிஸ், முகாம், பன்சலைப் பெரிய பிக்கு என்று அவள் ஏறி இறங்காத படி இல்லை. இருக்கிறார் என்று சொல்லவும் ஆளில்லை, இல்லை என்று சொல்லவும் ஆளில்லை.

"எங்க வேலை, தம்பி?"

"கலஹா பக்கம், தேயிலை பெக்டரிங்க டொக்டர். தூசிக்கு மூக்கக் கட்டிக்குவோம்."

அவளைப் பார்க்காமலே சொன்னான். அவனைக் கூட்டி வந்த ஆள் கதவுக்கு வெளியே நின்றான். சாதாரணச் சேட்டும் களிசானும்தான். சப்பாத்து மட்டும் படைச் சப்பாத்து.

பெக்டரி ஆட்கள் எத்தனையோ பேருக்கு அவள் மருந்து கொடுத்திருக்கிறாள். தேயிலைத் தூசி மூக்குக்குள் கரியாகப் படிந்திருக்கும். இவன் மூக்கில் ஒரு துகள்கூட இல்லை. குச்சியை வெளியே எடுத்தபோது சீழோடு ஒட்டிக்கொண்டு பழுப்பாக ஒரு நார் வந்தது. பிறகு இன்னொன்று.

சாக்கு நார்.

அவள் குச்சியை விளக்கடியில் பிடித்து இன்னொருமுறை பார்த்தாள்.

சுற்றிவளைப்பு அன்று மைதானத்தில் ஆண்களை வரிசையாக நிறுத்தினார்களாம். ஜீப்பின் முன்சீட்டில், தோள்வரை சாக்கு மூடி, கண்ணுக்கு மட்டும் ஓட்டை வைத்த ஒருவன் இருந்தானாம். அவன் யாரைப் பார்த்துத் தலையாட்டினானோ அவர்களையெல்லாம் ஏற்றினார்களாம். அயலவர்கள் சொன்னது. அந்தத் தலை மண்ணாய்ப் போக வேண்டுமென்று நாள்தோறும் சபித்துக்கொண்டிருந்தாள்.

இப்போது அது கைக்கெட்டும் தூரத்தில், பயந்த கண்களோடு அண்ணாந்திருந்தது. அறையலாம். கத்தலாம். அவளுக்கு இரண்டும் தோன்றவில்லை. முகாமுக்குள்ளிருந்து வந்து அவள் முன்னால் உட்கார்ந்த முதல் ஆள் இவன்தான்.

புண்ணைப் பார்ப்பதுபோல அவன் காதருகே குனிந்தாள்.

"தபால் கந்தோர் ஸ்ரீஸ்கந்தராசா. நெத்தியில தழும்பு இருக்கும். நீ ஆரெண்டு நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். அவர் உயிரோட இருக்கிறார் எண்டா ஒருக்காத் தலையாட்டு ராசா, ஒரேயொருக்கா."

அவன் கண்கள் நிறைந்து வழிந்தன.

தலை அசையவில்லை.