அப்பாக்களை மடக்குபவர்

“உங்க பையன் என்ன நாற்காலியா சார், போட்ட இடத்துலயே கிடக்கறதுக்கு?”

எதிர்முனையில் இருந்த தகப்பனார் சிரித்துவிட்டார். அப்பாக்கள் சிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி என்பது ஆலோசகரின் அனுபவம். மீதிப் பாதியையும் நாலு வார்த்தையில் முடித்து, “சேர்த்துடறேன் சார்” என்று அந்த மனிதரின் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டுத்தான் போனை வைத்தார்.

பள்ளித் தேர்வு முடிவு வந்ததிலிருந்து அரசாங்கத்தின் மேற்படிப்பு உதவி மையத்தில் போன் ஓயவே இல்லை. எந்தப் படிப்புக்கு அரசு பணம் கட்டும், எதைப் படித்தால் எங்கே வேலை என்று சொல்ல அங்கே எல்லோருக்கும் தெரியும். ஆனால் முரண்டு பிடிக்கும் பெற்றோர் என்றால், அழைப்பு நேராக ஆலோசகரின் மூலை மேசைக்குத்தான் போகும். ‘அப்பாக்களை மடக்குபவர்’ என்று மையத்தில் அவருக்குப் பெயர். அதைக் கேட்டாலே அவருக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

“சார், ஒரு பொண்ணு லைன்ல இருக்கு,” என்றாள் பக்கத்து மேசைக்காரி. “அப்பாக்களை மடக்குறவர்தான் வேணுமாம். வேற யார்கிட்டயும் பேச மாட்டாளாம்.”

“நம்ம புகழ் எங்கெல்லாம் போயிருக்கு, பார்த்தியாம்மா!” சட்டைக் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டு ஆலோசகர் போனை எடுத்தார்.

“சார், லைப்ரரியில இருந்து பேசறேன். சத்தமா பேசினா திட்டுவாங்க.” குரலே வரவில்லை, வெறும் காற்றுதான் வந்தது.

“பரவாயில்லம்மா, மெதுவாவே சொல்லு. பேர்கூட வேண்டாம். பேர் கேக்கறது இங்க வழக்கமில்லை.”

“கப்பல் என்ஜினியரிங்ல சீட் கிடைச்சிருக்கு சார். ஃபீஸ், ஹாஸ்டல் எல்லாம் அரசாங்கமே பார்த்துக்குது. முடிச்சதும் வேலைக்கும் அவங்களே ஏற்பாடு பண்றாங்களாம். பெத்தவங்க சம்மதம் மட்டும் இன்னைக்குச் சாயந்திரத்துக்குள்ள வேணும். இல்லன்னா சீட் அடுத்த ஆளுக்குப் போயிடும்.”

“அடி சக்கை! அந்த நுழைவுப் பரீட்சையில தேறுறது லேசுப்பட்ட காரியமா? அப்பா என்ன சொல்றார்?”

“இன்னும் சொல்லவே இல்லை சார். வீட்டுப் பக்கத்துக் காலேஜ்ல கணக்குப் படிப்புன்னு அவரே முடிவு பண்ணிட்டார். காலையில கொண்டு விடணும், சாயந்திரம் கூட்டிட்டு வரணும். அவ்வளவுதான் அவர் திட்டம்.”

ஆலோசகர் வாய்விட்டுச் சிரித்தார். “கல்லூரிக்கு அனுப்பறாரா, பாலர் பள்ளிக்கு அனுப்பறாரா? உங்கப்பா படிச்சவரா?”

“நிறையப் படிச்சவர் சார்.”

“அப்ப பிடிவாதக்காரர்.”

“ஆமா சார். ஆனா ரொம்ப நல்லவர். ஊருக்கெல்லாம் நல்ல புத்திதான் சொல்லுவார்.”

“இந்த மாதிரி ஆளுங்கதாம்மா ஆபத்து!” ஆலோசகருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. “ஊருக்குத் தாராளம், வீட்டுக்குள்ள பூட்டு! கேட்டா என்ன சொல்வார்? தூரம்னுவார், துணைக்கு யாருன்னுவார், கடலாச்சேன்னுவார்.”

“அதையேதான் சார் சொல்லுவார்.”

“அதெல்லாம் சும்மா கதை. உள்ளே இருக்கறது வேற. நீ இல்லாத வீட்டை அவரால நினைச்சே பார்க்க முடியாது. அதை வெளியில சொல்ல வெட்கம். சாப்பாட்டு மேசையில உன் நாற்காலி காலியா கிடந்தா, அந்த மனுஷனுக்குச் சோறு இறங்காது. அதுக்குப் பயந்துதான் உன்னைப் பக்கத்துலயே கட்டிப் போடப் பார்க்கறார்.”



“நிஜமாவா சார்?”

“இந்தச் சீட்டுல உட்கார்ந்து எத்தனை அப்பனைப் பார்த்திருக்கேன்! உன் மேல நம்பிக்கை இல்லாம இல்லம்மா. பாசம். ஆனா பாசத்துக்காக ஒரு பொண்ணோட எதிர்காலத்தையே பிடிச்சு வச்சா, அது சுயநலம். அதை அவர் மூஞ்சிக்கு நேராவே சொல்லுவேன்.”

“கோபப்படுவார் சார்.”

“படட்டுமே! எப்பேர்ப்பட்ட அப்பனா இருந்தாலும் என்கிட்ட அரை மணி தாங்க மாட்டான்.” பக்கத்து மேசைக்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க, அவருக்கு இன்னும் உற்சாகம் ஏறியது. “உனக்கு இந்தச் சீட்டை நான் வாங்கித் தரேன். அவர் வாயால ‘சரி’ன்னு ஒரு வார்த்தை வந்தா போதும், சம்மதத்தை இங்கிருந்தே பதிவு பண்ணிடலாம். அந்த வார்த்தையை வாங்க முடியலன்னா, இந்த வேலையில இருக்க எனக்கு யோக்கியதையே இல்லை. போதுமா?”

“சத்தியமா சார்?”

“சத்தியமா! நீ ஒண்ணே ஒண்ணு செய். உங்கப்பாவை எப்படியாவது லைனுக்குக் கொண்டு வா.”

இப்போது நூலகமே திரும்பிப் பார்க்கும்படி முழுக்குரல் வந்தது. தினமும் காலையில் அவரைத் தட்டி எழுப்புகிற அதே குரல்.

“லைன்லதான் இருக்கீங்க, அப்பா.”