பிடித்த கை

ஒரு பாலைவன தேசத்துப் பெண் தன் வாழ்க்கையைத் தானே படம் படமாக வரைந்திருந்த புத்தகம் அது. அதில் ஒரு படத்தில், தகப்பனின் சவத்துக்குப் பின்னால் ஓடுகிற மகளை, வாசலிலேயே மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தியிருந்தது ஒரு கை. அந்தக் கைக்கு உரியவளின் முகத்தைப் படத்தில் வரையவில்லை.

அதைப் படித்துக்கொண்டிருந்த பிரமிளாவின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்த மதினி செண்பகவல்லிக்குப் பொறுக்கவில்லை. "பெத்த மக கூடப் போகக் கூடாதாமா? என்ன சனங்க இதுங்க! வெளங்குமா இந்தக் கை?" என்று படத்தை விரலால் குத்திக் குத்தி வைதாள்.

பிரமிளாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன வாரம் அப்பாவைச் சுடுகாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனபோது, "பொம்பளைங்க இதுக்கு மேல வரக் கூடாது" என்று தெருமுனையில் அவளை இழுத்து நிறுத்தியது இதே மதினிதான். வளையல் உடைந்து மணிக்கட்டில் கீறிய காயம் இன்னும் ஆறவில்லை. அந்த மணிக்கட்டைத் திருப்பிப் படத்தின் பக்கத்தில் வைத்தாள்.

"நீங்களே சொல்லுங்க மதினி. வெளங்குமா?"