கால்கள் மட்டும் தெரிந்த பாட்டு

திரையில் ஒரு கதவு. கதவுக்கு அடியில் கோடு போட்ட மாதிரி வெளிச்சம்.

இரண்டு கால்கள் வந்து நின்று அந்தக் கோட்டை மறைத்தன.

அரங்கில் யாரோ ஒருத்தி "ஐயோ" என்றாள். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். பேய்ப்படத்துக்குப் பயந்துவிட்டு, பயப்படாத மாதிரி சிரிக்கிற சிரிப்பு.

அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

சினிமா படிக்கும் கடைசி வருடப் பிள்ளைகள் எடுத்த பாட்டுகள் அவை. ஏதாவது ஒரு வகைப் படத்தை எடுத்துக்கொண்டு, அதன் இலக்கணம் பிசகாமல் ஒரு பாட்டைப் படமாக்க வேண்டும். சற்றுமுன் துப்பறியும் பாட்டு ஓடியது. கோட்டும் தொப்பியுமாக ஒரு பையன் வியர்த்து வழிந்துகொண்டு திருடனைத் தேடினான். அதற்கு முன்னால் ஒரு காதல் பாட்டு. அதில் மழை மட்டும் நன்றாக நடித்திருந்தது.

இப்போது மகளின் முறை. அவள் எடுத்துக்கொண்டது பேய்.

அம்மாவுக்குப் பக்கத்தில் அப்பா சாவகாசமாகக் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். பல் டாக்டர். உள்ளே நுழையும்போதே கல்லூரி முதல்வர் ஓடிவந்து, தன் கடைவாய்ப் பல்லைத் தொட்டுக்காட்டி நன்றி சொன்னார். டாக்டர் கை பட்டால் வலியே தெரியாது என்று ஊரெல்லாம் பேச்சு.

பாட்டின் வேகம் குறைந்தது. எல்லாமே கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டு பார்க்கிற மாதிரி இருந்தது. தரை, பாதி திறந்த கதவு, அதற்கப்பால் சமையலறை வெளிச்சம். ஒரு முகமும் தெரியவில்லை. செருப்புப் போட்ட கால்கள் மட்டும் அவசரமே இல்லாமல் நடந்தன. நின்றன. திரும்பின.

ஓரத்தில் ஒரு ஸ்டூல். அதன் ஒரு காலில் நீலத்துணி சுற்றியிருந்தது.

அந்தத் துணியைச் சுற்றியவள் அம்மாதான்.

நம் வீட்டிலேயே எடுத்திருக்கிறாள். கூடப் படிக்கிற பையன் எவனையோ கூட்டிவந்து, அவர் செருப்பை மாட்டிவிட்டு, அந்த நடையையும் சொல்லிக்கொடுத்து...

அந்த ராத்திரி நடை இவளுக்கு எப்படித் தெரியும்?

அவர் வரும் நேரத்தில் மகள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தூங்கியிருப்பாளே. அதை வாங்கிக் கொடுத்ததே அம்மாதான். சத்தமா வெச்சுக் கேளுடி, நல்லாத் தூக்கம் வரும் என்று சொன்னதும் அவள்தான்.

ஓரக்கண்ணால் அவரைப் பார்த்தாள். ரசித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பிடிபடவில்லை. தன் நடையைத் தரையில் கிடந்து பார்த்தவர்கள் யார் இருக்கிறார்கள்?

பாட்டு சட்டென்று நின்றது.

என்னவோ மோதி விழுகிற சத்தம். ஒரு தட்டு உருண்டு வந்து, சுற்றிச் சுற்றி அடங்கியது. ஒரு பெண்ணின் கை தரையோடு ஊர்ந்து வந்து, சத்தம் வராமல் அதை எடுத்தது.

அம்மா தன் கையைக் கைப்பைக்கு அடியில் ஒளித்துக்கொண்டாள்.

விளக்குகள் எரிந்தன. கைதட்டல் கூரையைப் பிய்த்தது. மேடையில் ஆசிரியர் மைக்கைப் பிடித்தார். பேயைக் கண்ணில் காட்டாமலே பயமுறுத்துவதுதான் இந்த வகையின் உயிர்நாடி என்றார். ஒளிந்திருக்கும் குழந்தையின் பார்வை, கதவடியில் நிழல், அடிக்கு முன்னால் வரும் மௌனம், ஒன்றையும் விடவில்லை என்று மெச்சினார்.

"ஆமா, அந்தக் கால் யாரோடதும்மா? நடையே மிரட்டுதே!"

மகள் மைக்கை வாங்கினாள்.

"எங்கப்பா சார். அதோ உட்கார்ந்திருக்காரு. கேமரா இருந்ததே அவருக்குத் தெரியாது."

அரங்கமே அதிரச் சிரித்தது. எல்லாத் தலைகளும் திரும்பின. கைதட்டல் நிற்கிற வழியாக இல்லை. வேறு வழியில்லாமல் அவர் எழுந்து, தலையைக் குனிந்து ஏற்றுக்கொண்டு உட்கார்ந்தார். சிரிப்பு அப்படியே இருந்தது. அதை மாற்றாமல் அம்மாவின் காதருகே குனிந்தார்.

"வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம், என்ன?"

நாற்காலியில் வாயைத் திறந்து கிடப்பவர்களிடம் பேசுகிற அதே இதமான குரல்.

மகள் மேடையை விட்டு இறங்கவில்லை. அவள் அவரைப் பார்க்கவும் இல்லை. அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு வெளுத்திருந்தது. வீட்டுக்குள் சொல்லியிருந்தால் சுவரோடு போயிருக்கும். அதற்காகத்தான் இவ்வளவு பேரைக் கூட்டிவைத்துச் சொல்லியிருக்கிறாள்.

அம்மா எழுந்தாள். நடைபாதைப் பக்கம் அவர் இருந்தார். அவள் மறுபக்கம் திரும்பினாள். வரிசையில் இருந்தவர்கள் முழங்காலை ஒடுக்கி வழி விட்டார்கள். பின்னால் அவர் நாற்காலி மடங்குகிற சத்தம் கேட்டது.

வரிசைக் கடைசியில் ஒரு மாணவி எழுந்து ஒதுங்கினாள். முகமெல்லாம் பூரிப்பு.

"ஆன்ட்டி, அங்கிள் பின்னிட்டாரு! எத்தனை டேக் ஆச்சு?"

அம்மா நின்றாள். தன் அக்காவிடம்கூட இதுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை.

"அவர் நடிக்கலம்மா."

அந்தப் பெண் முதலில் சிரிக்கப் போனாள். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். முகத்திலிருந்து, திரையில் பார்த்த அதே கைக்கு வந்தாள். அம்மாவின் தோளுக்குமேல், நெருங்கி வரும் டாக்டரைப் பார்த்தாள்.

அம்மா அவளைத் தாண்டி மேடையை நோக்கிப் போனாள்.

அந்தப் பெண் உட்காரவில்லை. வழியை அடைத்துக்கொண்டு நின்றாள்.