வெளங்கலீங்க டாக்டர்

அஞ்சாவதோடு படிப்பை நிறுத்தினவள் நான். ஆனாலும் எனக்கு ஒரு திறமை உண்டு. ஒரு எழவும் விளங்காவிட்டாலும், எல்லாம் விளங்கின மாதிரி தலையாட்டுவேன்.

அன்றைக்கும் ஆட்டினேன்.

மகன் லோகேஷுக்குப் பனி ஆரம்பித்ததிலிருந்து இழுப்பு. போன மாசம் உதடெல்லாம் நீலமாகி, செம்மநத்தத்திலிருந்து ஜீப்பில் தூக்கிக்கொண்டு ஓடிவந்தோம். இப்போது மறுபடியும் ஏற்காடு கிளினிக்.

வாயில் வைத்து உறிஞ்சுகிற மருந்து இரண்டை டாக்டர் மேஜையில் வைத்தார்.

"இது கன்ட்ரோலர், பி.டி. இது எஸ்.ஓ.எஸ். சிம்ப்டம் இல்லைன்னாலும் கன்ட்ரோலரை டிஸ்கன்டின்யூ பண்ணக் கூடாது. புரியுதா?"

"புரியுதுங்க."

நிஜத்தில் எனக்குப் புரிந்தது அந்தக் கடைசி வார்த்தை மட்டும்தான்.

பக்கத்தில் நின்ற நர்ஸ் கண்ணம்மாள் குறுக்கே வந்தார். "ஏனுங்க டாக்டர், எனக்கு வெளங்கலீங்க. எதை எப்பக் குடுக்கணும்?"

டாக்டருக்கு வந்ததே கோபம்!

"இருபது வருஷ சர்வீஸ், இதுகூடத் தெரியாதா? அரக்குக் கலர் காலையும் ராத்திரியும், தினமும். இழுப்பு நின்னாலும் நிறுத்தக் கூடாது. உறிஞ்சினதும் வாய் கொப்புளிக்கணும். நீலக் கலர், மூச்சு வாங்குனா மட்டும். போதுமா? இந்தப் பொண்ணு ஒரே தடவையில புரிஞ்சுக்கிச்சு, பாருங்க!"

எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. இழுப்பு நின்றதும் இரண்டையும் தூக்கிப் பரணில் போட இருந்தவள் நான். அது டாக்டருக்கா தெரியும்?

'வெள்ளை உடுப்புப் போட்டு என்ன? பாவம், என் அளவுக்குக்கூட மூளை இல்லை' என்று நினைத்துக்கொண்டே வெளியே வந்தேன்.

லோகேஷுக்குச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது, திரைக்குப் பின்னால் பேச்சுக் குரல். வேலைக்குப் புதுசாக வந்த ருக்சானா கேட்டாள்:

"அக்கா, கன்ட்ரோலர்னா என்னங்க?"

"மூச்சுக்குழாய் வீங்காம தெனமும் அடக்கி வைக்கிற மருந்து கண்ணு. பி.டி.ன்னா ரெண்டு வேளை. எஸ்.ஓ.எஸ்.னா தேவைப்பட்டா மட்டும்" என்று கண்ணம்மாள் மளமளவென்று சொன்னார்.

"அட! இத்தனையும் தெரிஞ்சு வெச்சுக்கிட்டா அந்தத் திட்டு வாங்குனீங்க?"

"எனக்குத் திட்டு வாங்கி நொம்பப் பழக்கம் சாமி. அந்தப் பொண்ணுக்கு வெளங்கலீன்னு கேட்டுப் பழக்கமில்ல."