பனிமலையில் அப்பா

"நல்லா நடுங்குங்கப்பா! பல்லு தந்தியடிக்கணும்!"

அப்பா நடுங்கினார். நடுங்கிய வேகத்தில் நெற்றியிலிருந்து வியர்வைதான் சொட்டியது. கம்பளிச் சட்டை, அதன்மேல் இன்னொரு கம்பளிச் சட்டை, கழுத்தைச் சுற்றிக் குளியல் துண்டு. முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்த பச்சைப் போர்வை ஆடுகிறதென்று மின்விசிறியையும் நிறுத்திவிட்டாள் மகள். வெளியே உச்சிவெயில்.

"வேர்க்குதேம்மா."

"வேர்வையை நான் கம்ப்யூட்டர்ல துடைச்சுக்கறேன். அம்மா, நீ ஏன் முறைச்சுக்கிட்டு நிக்கறே? பனியைப் பார்த்த சந்தோஷம் முகத்துல தெரிய வேணாமா?"

"எதிர்ல உங்கப்பா பனியன் காயுது. அதைப் பார்த்து எப்படிடி சந்தோஷப்படறது?"

மகள் புகைப்படக் கலை இரண்டாம் வருஷம் படிக்கிறாள். இரண்டு வாரம் முன்பு கல்லூரிப் பாடத்துக்காக அப்பாவைப் படம் பிடித்து, அவரை மட்டும் கத்தரித்தெடுத்து நிலாவில் நிற்க வைத்திருந்தாள். முறுக்கிய மீசையும் முண்டா பனியனுமாக அப்பா அங்கே ஜம்மென்று நின்றார். அம்மாவுக்கு இந்த யோசனை பிறந்தது அதைப் பார்த்துத்தான்.

காரணம், அம்மாவின் தங்கை. இரண்டு தெரு தள்ளிதான் வீடு. புருஷனோடு உலகம் சுற்றப் போகிறேன் என்று வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பியவள், தினம் ஒரு படத்தைக் குடும்பக் குழுவில் போட்டுத் தாக்கினாள். படகில் தங்கை. அருவிக்கு முன்னால் கறுப்புக் கண்ணாடியோடு தங்கை. சொந்தபந்தமெல்லாம் ஆகா ஓகோ என்றது. இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த அம்மா, மூன்றாம் நாள் காலை, "நாங்களும் கிளம்பிட்டோம்! பொண்ணுக்குப் பரீட்சை, அவ மட்டும் வீட்டுல இருக்கா" என்று குழுவில் எழுதிவிட்டுக் கதவைத் தாழ்ப்பாள் போட்டாள்.

அன்றோடு அப்பாவுக்கு வனவாசம் ஆரம்பம். தபால் நிலைய வேலைக்கு ஆறு நாள் லீவு. சலூனுக்குப் போகக்கூடாது, பால்கனியில் தலை காட்டக்கூடாது, இருமல் வந்தால் தலையணைக்குள் இருமிக்கொள்ள வேண்டும். நேற்று கீழ்வீட்டுக்காரர் அழைப்புமணியை அழுத்தியபோது, அப்பா பதறிப்போய் சோபாவுக்குப் பின்னால் குப்புறப் பாய்ந்ததில் மூக்கு தேய்ந்துவிட்டது.

"மூக்கு ஏன்பா சிவந்திருக்கு?" என்றாள் மகள், காமிராவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"தரை."

"இருக்கட்டும், இருக்கட்டும். குளிர்ல சிவந்த மாதிரியே இருக்கு!"

ஒரு மணி நேரத்தில் பச்சைப் போர்வை மறைந்து பனிமலை முளைத்தது. அப்பாவின் புருவத்தில்கூட இரண்டு பனித்துகள். குழுவில் போட்டதும் வாழ்த்து குவிந்தது. "மாமா, சின்ன வயசாயிட்டீங்க!" என்று யாரோ எழுதியிருந்தார்கள். அப்பாவுக்கே லேசாகக் குளிர்ந்தது.

அம்மாவின் ஆனந்தம் அரை மணி நேரம்கூட நிலைக்கவில்லை. தங்கையின் அடுத்த படம் வந்து விழுந்தது. ராட்சத பலூனில், மேகங்களுக்கு நடுவே, முடி பறக்கச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"பாருடி! நல்லாப் பாரு!" அம்மா போனை மகளின் மூக்குக்கு நேரே நீட்டினாள். "வெளிச்சம் எப்படி விழுந்திருக்கு! ஒவ்வொரு முடியும் தனித்தனியாத் தெரியுது! இதை எடுத்தவன் தொழில் தெரிஞ்சவன். நீயும் ரெண்டு வருஷமா படிக்கறே, உங்கப்பா காது ஓரத்துல இன்னும் பச்சை ஒட்டிக்கிட்டிருக்கு!"

"அது நிழல்மா."

"பேசாதே! பெரிய போட்டோகிராபருங்க படத்தை எல்லாம் உத்துப் பார்த்துப் படிக்கணும்னு உங்க டீச்சர் சொல்றாங்கல்ல? முதல்ல இந்த ஆளைப் படி!"

மகள் நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, சித்தியின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். சூரியன் எந்தப் பக்கம், நிழல் எந்தப் பக்கம் என்று அம்புக்குறி போட்டாள்.

"எப்படி?" என்றாள் அம்மா.

"பெரிய கைதாம்மா," என்றாள் மகள் பணிவாக.

"என்னிக்காவது அந்த மகானைப் பார்த்தா, கால்ல விழுந்து நாலு விஷயம் கத்துக்கோ!"

அப்பாவுக்கு மனசு கேட்கவில்லை. "விடேன். ராத்திரி பகலா உழைக்கிறா குழந்தை. இன்னும் என்னதான் செய்வா?"

"நீங்க ஒழுங்கா நடுங்கியிருந்தா நான் ஏன் அவளைத் திட்டப் போறேன்?" என்று சொல்லிவிட்டு அம்மா சமையலறைக்குப் போய்ப் பாத்திரங்களிடம் கோபத்தைக் காட்டினாள். மகள் முகம் கழுவப் போனாள்.

அப்பா மின்விசிறியைப் போட்டார். ஒவ்வொரு கம்பளிச் சட்டையாக உரித்தார். மகளை நினைத்தால் பாவமாக இருந்தது. யாரோ முகம் தெரியாத போட்டோகிராபரோடு இந்தச் சின்னப் பெண்ணை ஒப்பிட்டால் அவள் மனசு என்ன பாடுபடும்? வந்ததும் தட்டிக்கொடுத்து நாலு வார்த்தை நல்லதாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

அப்போது மேஜைமேல் இருந்த மகளின் போன் கிணுகிணுத்தது. சத்தம் வெளியே கேட்கப் போகிறதே என்ற பழக்கதோஷத்தில் அப்பா பாய்ந்து எடுத்தார். திரையில் சித்தியின் செய்தி:

"கண்ணு, பலூன் பிரமாதம்! அடுத்து எங்க ரெண்டு பேரையும் ஒட்டகத்துல ஏத்திவிடு. உங்கம்மாவுக்கென்ன, நிஜமாவே பனிமலையில சுத்தறா. நாங்க எட்டு நாளா வீட்டு ஜன்னலைக்கூடத் திறக்க முடியாம வெந்துக்கிட்டிருக்கோம்!"