மரகதவல்லி திருந்தும் காட்சி

"இன்னிக்குப் பொட்டு பெருசா வைக்கணுமாம்மா," என்றாள் மேக்கப் லில்லி. "ஸ்டிக்கர் வேணாமாம். குங்குமம்தானாம். அழிக்கும்போது குளோசப்ல தெரியணுமாம்."

அவள் கண்ணாடியைப் பார்த்தபடி நெற்றியைக் காட்டினாள்.

லில்லி ரூபாய்க் காசு அளவுக்கு வைத்துவிட்டு நகர்ந்தாள்.

ஆறு வருடமாக அவள்தான் மரகதவல்லி. எட்டு மணி சீரியலின் மாமியார். மருமகளின் பாலில் விஷம் கலந்தவள். மாடிப்படியில் எண்ணெய் ஊற்றியவள். மளிகைக் கடைக்காரர்கூட நாலு வார்த்தை திட்டிவிட்டுத்தான் மீதிச் சில்லறையைத் தருவார். அதில் அவளுக்கு வருத்தமில்லை. சொல்லப்போனால் கொஞ்சம் கர்வம்தான். செய்கிற வேலையை உருப்படியாகச் செய்கிறோம் என்றுதானே அர்த்தம்.

இப்போது சேனலுக்கு மரகதவல்லி நல்லவளாக வேண்டுமாம்.

ஆகட்டுமே. யார் வேண்டாம் என்றது?

அதே சீரியலில் மைத்துனனாக வருகிறவன் ஒரு கொலையே செய்தான். ஒருநாள் ஆஸ்பத்திரியில் படுத்து ரத்தம் கொடுத்தான். திருந்திவிட்டான். ஊரே கைதட்டியது.

அவளுக்கு மட்டும் புருஷன் சாக வேண்டும். பொட்டழிய வேண்டும்.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியும்.

நாலு மாதத்துக்கு முன்னால் நிஜமாகவே தணிகாசலம் போய்ச் சேர்ந்தார். அவள் புருஷன். செய்தி வெளியே வந்ததும், வீடியோவுக்கு வீடியோ கமெண்டில் அவளைச் சபித்துக்கொண்டிருந்தவர்களே 'பாவம் அந்தம்மா' என்று எழுதினார்கள். சேனல்காரன் அதைப் பார்த்துவிட்டான்.

"ஜனங்களுக்கு உங்க மேல சிம்பதி வந்திருக்கு மேடம். இந்த நேரத்தை விட்டுடக் கூடாது," என்று போன் செய்தான்.

இன்னும் ஈரம் காயாத சாவு. அதையும் கதையாக்க ஓர் ஆள்!

ஆனால் அவனுக்குத் தெரியாதது ஒன்று உண்டு.

காரியத்தன்று நாத்தனார்கள் அவளை மணையில் உட்கார வைத்துக் குங்குமத்தை அழிக்க வந்தார்கள். தொடாதீர்கள் என்றாள். விவரம் தெரியாத வயதில் அம்மா வைத்துவிட்ட பொட்டு அது. கட்டியவர் கொண்டுவந்ததல்ல, அவரோடு போவதற்கு. அவரை எவ்வளவு நேசித்தாள் என்பது அவளுக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அதை நெற்றியைத் துடைத்து நாலு பேருக்கு நிரூபிக்க வேண்டுமா?

"டிவியில பண்றது பத்தாதுன்னு இங்கயும் வில்லித்தனமா?" என்றாள் பெரிய நாத்தனார்.

அன்றோடு அந்த வீடுகளோடு பேச்சுவார்த்தை அறுந்தது.

வீட்டில் பொட்டை வைத்துக்கொண்டதால் வில்லி. சீரியலில் அழித்துக்கொண்டால் நல்லவள்.

நல்ல நியாயம்!

மாட்டேன் என்றால் என்ன நடக்கும் என்பதும் தெரியும். 'இவருக்குப் பதில் இவர்' என்று நாளைக்கே திரையில் ஒரு வரி ஓடும். புதிதாக ஒருத்தி மரகதவல்லியின் பட்டுப்புடவையில் வந்து உட்காருவாள். மரகதவல்லிக்குத் தரும் சம்பளத்தில்தான் இவள் வீடு ஓடுகிறது.

"ஷாட் ரெடி!"

அதற்குள் சீரியல் புருஷனின் வேலை முடிந்திருந்தது. பிணமாகப் படுத்திருந்தவர் எழுந்ததும் கேமராவைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிக்கச் சொன்னார்கள். அபசகுனம் கழிய வேண்டுமாம். சிரித்தார். டீ குடிக்கப் போனார்.

அவருக்குப் பரிகாரம் இருக்கிறது. பொட்டழிக்கப் போகிறவளுக்கு அப்படி ஒன்றும் கிடையாது. யாருக்கும் தோன்றவுமில்லை.

நடுக்கூடத்தில் அவளை உட்கார வைத்தார்கள்.

மூன்று துணை நடிகைகள் வந்து சூழ்ந்து நின்றார்கள். மூவருக்கும் வெறும் நெற்றி. இரண்டு பேர் தங்கள் ஸ்டிக்கரைக் கழற்றிக் கண்ணாடி ஓரத்தில் ஒட்டிவிட்டு வந்திருந்தார்கள். மூன்றாவது அம்மாவுக்குக் கழற்ற எதுவும் இருக்கவில்லை; வீட்டிலிருந்து வந்ததே வெறும் நெற்றியோடுதான்.

"ஆக்‌ஷன்!"

அந்த அம்மாவின் கைதான் முதலில் நீண்டது.

அவள் அந்த மணிக்கட்டைப் பிடித்தாள்.

"தொடாதே."

மரகதவல்லியின் குரல். ஆறு வருடமாக ஊரை நடுங்க வைத்த குரல்.

"கட்! கட்!" டைரக்டர் மானிட்டரை விட்டு ஓடிவந்தார். "என்னம்மா இது? நீங்க திருந்தற சீன்மா."

"திருந்தறேன் தம்பி. மருமக கால்ல விழச் சொல்லுங்க, விழறேன். பாலுல விஷம் வெச்சது நானு. போலீசுக்கு வேணா போறேன்." அவளுக்கு மூச்சு வாங்கியது. "பொட்டு என்ன பண்ணுச்சு? அதை எதுக்கு அழிக்கணும்?"

ஆறு வருடத்தில் அவளுக்கு யாரும் இப்படி ஒரு வசனம் எழுதித் தரவில்லை.

மானிட்டருக்குப் பின்னால் நின்றிருந்த சேனல்காரன் போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனான். இனி அவன் யாரிடம் பேசுவான், என்ன பேசுவான் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். லைட்டைப் பிடித்திருந்தவர் தரையைப் பார்த்தார்.

டைரக்டர் குரலைத் தாழ்த்தினார். கெட்டவரில்லை. சலித்துப் போனவர்.

"பொட்டும் பூவுமா நின்னா ஜனங்க மனசு இளகாதும்மா. இப்படி எடுத்தா யாரும்மா பாப்பாங்க?"

அவள் இன்னும் அந்தக் கையை விடவில்லை. கையும் திமிறவில்லை.

அந்த அம்மாவுக்கு இன்று வசனம் கிடையாது. கூட்டி வரும்போதே பேசக் கூடாது என்று சொல்லித்தான் கூட்டி வருவார்கள்.

"நான் பாப்பேன் சார்," என்றாள்.